கம்பளிப்பூச்சி வருஷம்

"மத்ததெல்லாம் பழுப்பா இருக்கு. நடுவுல இந்த ஒண்ணு மட்டும் ஏன்டி சோகை பிடிச்ச மாதிரி வெளுத்துக் கிடக்கு?"

"அந்த வருஷம் பூச்சி வந்து இலையை எல்லாம் மொட்டையடிச்சிருக்கும். இலை இல்லாம மரம் எதை வெச்சு வளரும்? பேருக்கு ஒரு வளையம் போட்டிருக்கு, அவ்வளவுதான். ரொம்ப அழுத்திப் பார்க்காத, லென்ஸ்ல உன் கண்மை ஒட்டிக்கும்."

"என்ன பூச்சி?"

"கம்பளிப்பூச்சி."

"ஓ, அதுவா. அதை எப்படி மறப்பேன். என் கல்யாணத்துல வந்ததே."

"அது வேற வருஷம்க்கா. இது பதினோரு வருஷத்துக்கு முன்னாடி."

அக்கா நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்தாள். கண்ணைச் சுற்றி ஒரு வட்டம் பதிந்திருந்தது.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி என் பையன் வீடு பூரா ஓடி, கைக்கு எட்டினதை எல்லாம் கவுத்துக்கிட்டு இருந்தான். பூச்சி வந்தது கல்யாணத்தன்னிக்கு. போட்டோ எடுக்கத் தோட்டத்துக்குப் போனோமே, மரத்துலேர்ந்து பொத்துப் பொத்துன்னு விழுந்துச்சே. ஒண்ணு உன் அத்தான் காலருக்குள்ள போயி, மனுஷன் ஆல்பம் பூரா கழுத்தைச் சொறிஞ்சுக்கிட்டே நிக்கிறாரு."

"அதுக்கப்புறம் ஒரு தடவை வந்திருக்கலாம்ல?"

"வந்தா எனக்குத் தெரியாதா? மலை அடிவாரத்துல குடியிருக்கிறவ நானா நீயா?" அக்கா கைப்பையைத் தோளில் மாட்டினாள். "சரி, அந்தப் படத்தைப் பெரிசு பண்ணிக் குடு. துணியில அச்சடிக்க ஆள் காத்துக்கிட்டு இருக்கான். வளையம் எங்க ஒடுங்குதோ அங்க சிவப்புல ஒரு அம்புக்குறி. தண்ணீர் கம்பெனி வந்த வருஷம்னு பெரிசா எழுதணும். திங்கட்கிழமை கம்பெனி மேல நடக்கிற விசாரணையில பேச்சே தேவையில்ல, படமே பேசும்."

தங்கை படத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். கொடுத்த கை கொஞ்சம் தயங்கியது. அக்கா அதைக் கவனிக்கவில்லை. அவள் ஏற்கெனவே படியேறிக்கொண்டே யாரிடமோ போனில் பேசத் தொடங்கியிருந்தாள்.

கல்லூரிக் கட்டடத்தின் அடித்தளத்தில், வெந்நீர்க் கொதிகலன் அறைக்கு அடுத்ததாக இருந்தது அந்த ஆய்வறை. சன்னல் கிடையாது. சுவர் முழுக்க அலமாரிகள், அலமாரி முழுக்க மரத்தின் மெல்லிய உருளைத் துண்டுகள். உள்ளே பொள்ளலாக, குழாய் போல இருக்கும் ஒரு திருகை மரத்தின் நெஞ்சுக்குள் செலுத்தி, பட்டையிலிருந்து நடுவரை ஒரு குச்சியை உருவி எடுப்பார்கள். பார்க்கப் பென்சில் போல இருப்பதால் அங்கே அதற்குப் பென்சில் என்றே பெயர். மரத்துக்கு ஒன்றும் ஆகாது. தங்கைக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு இருந்தது. ஆனால் இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அக்காவும் அத்தானும் அவளை மரங்கொத்தி என்றுதான் கூப்பிட்டார்கள்.

மரங்கொத்தி மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தாள். பட்டையிலிருந்து உள்நோக்கி எண்ணினாள். வெளிறிய வளையம் பதினொன்றாவது. அதற்கு வெளியே, பட்டைவரை, வளையங்கள் தலைமுடி கனத்துக்கு ஒடுங்கிவிட்டன. பத்து வருஷம். மலைமேல் கம்பெனி ஆழ்குழாய்க் கிணறுகளைத் தோண்டி, தண்ணீரைப் பாட்டிலில் அடைக்க ஆரம்பித்தும் பத்து வருஷம். எல்லாம் பூட்டும் சாவியும் போலப் பொருந்தியிருந்தது. அடுத்த பென்சிலை எடுத்தாள். பதினொன்று. அதற்கடுத்தது, பதினொன்று. எழுந்து போய்க் கை கழுவினாள். கை அழுக்காக இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள். நாற்காலியின் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது. அதைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். மறுபடி எண்ணினாள்.

பணி ஓய்வு பெற்றுப் போன துறைத் தலைவர் கதவின் உள்பக்கம் ஒரு வாசகத்தை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்: ஒப்பிடாமல் வருஷம் போடாதே. அவள் ஒப்பிடாமல் போடவில்லை. மலைச்சரிவில் ஒவ்வொரு மரத்தையும் அடுத்த மரத்தோடு ஒப்பிட்டிருந்தாள். எல்லா மரங்களும் ஒரே வாயால் ஒரே கதையைச் சொன்னபோது, அதற்கு மேல் சாட்சி எதற்கு என்று தோன்றிவிட்டது. அக்கா வேறு தினமும் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள்: முடிஞ்சுதா, முடிஞ்சுதா.

ஆனால் ஒரே பசியில் கிடந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளை மறந்திருந்தால்?

மரத்துக்கு அப்படி நேர்வதுண்டு. மிகவும் வறண்டுபோன வருஷத்தில் அது உயிரோடுதான் இருக்கும், நாலு இலை விடும், நிழல்கூடத் தரும். ஆனால் தண்டின் அடிப்பகுதியில் ஒரு வளையம் போட மிச்சம் இருக்காது. அந்த வருஷம் மரத்தில் இல்லாமலே போய்விடும். வெளியிலிருந்து எண்ணிக்கொண்டு போகிறவள் அந்தப் பள்ளத்தை அறியாமல் தாண்டிப் போவாள். அதற்கு உள்ளே இருக்கும் பழைய விஷயங்கள் எல்லாம் நிஜத்தைவிட நமக்குக் கிட்டத்தில் நடந்ததுபோலத் தெரியும்.

அத்தானுக்குப் போன் செய்தாள்.

"அத்தான், எப்பவுமே தாகம்னா என்னன்னு தெரியாத மரம் எங்கயாவது இருக்கா? மலைமேல இல்லாம, ஊருக்குள்ள."

"இதென்ன விடுகதையா? எங்க டெப்போவுல பஸ் கழுவுற இடத்துக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு. நாள் பூரா தண்ணி அது காலடியிலதான் போகுது. குடிச்சுக் குடிச்சு ஊதிப்போயிருக்கு, எங்க மேனேஜர் மாதிரி."

மறுநாள் மதியம் பேருந்துப் பணிமனைக்குப் போனாள். அத்தான் அங்கே தலைமை மெக்கானிக். பள்ளத்துக்குள் நின்று ஒரு பஸ்ஸின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்தபடி ஏறி வந்தார். டீசல் வாடையும் சோப்பு நுரையும் கலந்த அந்த முற்றத்தின் கோடியில், மலைமரங்களின் அதே சாதி மரம் ஒன்று, கறுத்த சேற்றில் கொழுகொழுவென்று நின்றது.

அவள் திருகைப் பட்டையில் வைத்து இரு கையாலும் சுற்றத் தொடங்கினாள். மரம் முனகியது.

"ஊசி போட்டா இதுக்குக் காய்ச்சல் வருமா?"

"வராது. கொஞ்சம் பிசின் வரும், மூடிக்கும்."

"என் இன்ஜினுக்கெல்லாம் இப்படி ஒரு ஊசி இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும். பிரிக்காமலே வயசைப் பார்த்திடலாம். உன் அக்காவுக்கும் ஒண்ணு போடு, மனசுல என்ன ஓடுதுன்னு பார்ப்போம். ஒரு வாரமா வீட்டுல எல்லாருக்கும் விசாரணைதான். பையன் ஹோம்வொர்க் செய்யலைன்னா 'ஆதாரம் எங்க'ன்னு கேக்கிறா."

அவள் சிரிக்கவில்லை. அத்தான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"அத்தான், உங்க கல்யாணத்துல பூச்சி வந்துச்சே."

"வந்துச்சா? இன்னும் போகலை. இப்பவும் சில நாள் கழுத்து அரிக்கும். உன் அக்கா அது பூச்சி இல்லை, சோம்பல்னு சொல்வா."

"அதுக்கப்புறம் வேற எந்த வருஷமாவது வந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லையே. ஏன்?"

"சும்மா."

"சும்மாவா. சும்மா இருக்கிறவ மதியம் சாப்பிடாம பஸ் ஏறி வந்து, சேத்துல நின்னு மரத்தைக் குடைவாளா?" அவர் குரலைத் தணித்தார். "திங்கட்கிழமைக்கு இடைஞ்சலா ஏதாவது?"

"தெரியலை அத்தான். தெரியாததாலதான் குடையறேன்."

பென்சில் முழுசாக, உடையாமல் வந்தது. நல்ல ஈரம். அதை ஒரு குளிர்பான உறிஞ்சுகுழலுக்குள் செருகி இரு முனையையும் ஒட்டினாள். திரும்பும் வழியில் பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தாள். பைக்குள் கையை விட்டு விட்டு, குழல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஈரப் பென்சிலைத் தேய்க்கக் கூடாது. நார் பிய்ந்து, வளையம் எல்லாம் குழம்பிவிடும். நிழலில் மெல்லக் காய வேண்டும், அவசரப்பட்டால் முறுக்கிக்கொள்ளும். இதையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். ஆனாலும் கொதிகலன் அறையிலிருந்து வரும் குழாயின் மேல் ஒரு துணியை மடித்து, அதன்மேல் பென்சிலை வைத்து, பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்பவளைப் போல, அதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பிறகு எழுந்துவிட்டாள். அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தாள். அலமாரியில் இருந்த குச்சிகள் எல்லாம் முதுகைக் காட்டி நிற்கும் ஆட்கள் போலத் தோன்றின. கூப்பிட்டால் ஒருவரும் திரும்ப மாட்டார்கள்.

சனிக்கிழமை மாலை அது தேய்க்கும் பதத்துக்கு வந்தது. பள்ளம் வெட்டிய மரச்சட்டத்தில் பசை தடவிப் பதித்தாள். முதலில் சொரசொரப்பான உப்புத்தாள், பிறகு நைசானது, பிறகு அதைவிட நைசானது. கடைசியில் உள்ளங்கையால் தேய்த்தாள். மரம் பளிங்கு போல மின்னியது.

டெப்போ மரத்துக்குப் பஞ்சம் தெரியாது. வளையங்கள் அகலமாக, சோம்பேறித்தனமாக, ஒன்றுகூட விடுபடாமல் கிடந்தன. அவள் ஊசிமுனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். பத்து, பதினொன்று. பதினொன்றாவது கொழுத்த பழுப்பு நிறம். பன்னிரண்டு, பதிமூன்று.

பதினான்காவது வெளுத்திருந்தது.

அக்காவின் கல்யாண வருஷம். பூச்சிகள் டெப்போ வரை வந்திருக்கின்றன.

மலைமரங்களில் மூன்று வருஷங்கள் இல்லை.

அவை எங்கே தொலைந்தன என்று கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. இரண்டு குச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தடித்ததும் மெலிந்ததுமாக வரும் வரிசையைப் பொருத்திப் பார்த்தாள். டெப்போ மரமே கொஞ்சம் ஒடுங்கிப்போன மூன்று வருஷங்கள் இருந்தன. மலைமரங்களில் அந்த மூன்றும் இல்லை. மூன்றும் கம்பெனி வந்த பிறகான வருஷங்கள். அதுவரை நல்லது. ஆனால் அந்த மூன்றையும் அதனதன் இடத்தில் செருகியதும், உள்ளே இருந்தவை எல்லாம் பின்னால் நகர்ந்தன. வளையம் ஒடுங்கத் தொடங்கியது பத்து வருஷத்துக்கு முன்னால் இல்லை. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால். கம்பெனி அப்போது மலையை எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த மலையடியில் என்ன நடந்தது?

அவளுக்கு அது தெரியும். பெயின்ட் வாடை மாறாத ஒரு வீட்டு வாசலில், மடியில் சுவர்க் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஆட்டோவில் போய் இறங்கியிருக்கிறாள். அக்காவும் அத்தானும் புதுக்குடித்தனம் வந்த நாள் அது. தெரு முழுக்கப் புது வீடுகள். தெரு முழுக்க வெள்ளைச் சேறு. வீட்டுக்கு ஒன்றாக லாரியில் ராட்சசத் துளைப்பான்கள் வந்து நின்று ஆழ்குழாய்க் கிணற்றுக்குத் தரையைக் குடைந்துகொண்டிருந்தன. பேசினால் காது கேட்கவில்லை. அக்கா அவள் காதருகே குனிந்து, "இனிமே தண்ணிக்கு யாரையும் கெஞ்ச வேண்டாம்டி" என்று கத்தியிருந்தாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை அதற்குப் பிறகு அவள் பார்த்ததில்லை.

ஞாயிறு பிற்பகல் அந்தச் சட்டத்தை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள்.

வாசலில் காலனிக்காரர்கள் கூடியிருந்தார்கள். அச்சடித்து வந்த துணியை இரண்டு பேர் விரித்துப் பிடிக்க, நாலு பேர் ஓரம் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய வளையங்கள் ஒவ்வொன்றும் ஒரு கை அகலத்துக்கு வளர்ந்து, தெருவின் குறுக்கே கிடந்தன. சிவப்பு அம்புக்குறி வாள் போல இருந்தது. பக்கத்து வீட்டு டீச்சர், "வாம்மா மரங்கொத்தி, உன் புண்ணியத்துலதான் எங்க குழாயில மறுபடி தண்ணி வரப்போகுது" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

"மாடிக்கு வா, தனியா பேசணும்" என்றாள் அக்காவிடம்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றார்கள். அத்தானும் பின்னாலேயே வந்தார். கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று தடவை காற்றைக் கக்கி, பிறகு கொஞ்சம் தண்ணீரைத் தொட்டிக்குள் துப்பியது. எதிரே மலை. தூரத்திலிருந்து பார்த்தால்கூட மேல்சரிவு மரங்களின் உச்சி பட்டுப்போயிருப்பது தெரிந்தது.

சுற்றி வளைக்காமல் சொன்னாள். பூச்சி வருஷம், டெப்போ மரம், காணாமல் போன மூன்று வளையங்கள், பதிமூன்று.

"பதிமூணு வருஷம் முன்னாடி" என்று அக்கா மெதுவாகச் சொன்னாள். "நாம குடிவந்தப்போ."

"ஆமா."

"அப்போ நாமதான் மலையைக் குடிச்சோம்ங்கிற."

"அப்படி நான் சொல்லலை. ஒடுங்க ஆரம்பிச்சது அப்போதான். அது மட்டும்தான் தெரியும். கம்பெனி வந்த பிறகுதான் அந்த மூணு வருஷமும் மரம் வளையமே போடாம போயிருக்கு. அவங்களும் காரணமா இருக்கலாம். ஒருவேளை அவங்கதான் பெரிய காரணமா..."

"அப்போ அதைச் சொல்லு."

"சொல்றேன். ஆனா இதையும் சொல்லணும்ல?"

"பைத்தியமாடி உனக்கு? அவங்க வக்கீல் உன் பேச்சுல பாதியைத்தான் காதுல வாங்குவான். எந்தப் பாதின்னு நினைக்கிற? 'கம்பெனி வர்றதுக்கு முன்னாடியே'. அவ்வளவுதான் அவனுக்கு வேணும். நாளைக்கே பம்ப்பை இன்னும் ரெண்டு கூட்டிப்பான். ரெண்டு வருஷமா நான் வேலையையும் விட்டுட்டு, வீடு வீடா ஏறி இறங்கி, கையைக் காலைப் பிடிச்சு இந்த ஜனத்தை ஒண்ணு சேர்த்திருக்கேன். கீழ போய்ப் பாரு, தைச்சுக்கிட்டு இருக்காங்க. அவங்ககிட்ட போய், தப்பு உங்க வீட்டுக் கொல்லையில இருக்குன்னு சொல்லவா?"

அத்தான் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டு மூடினார். "அவ கணக்குப் போட்டதுல தப்பு நடந்திருக்கு, அதைத் திருத்தறா. அவளைத் திட்டி என்ன ஆகப்போகுது" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. உங்க டெப்போ மரம்தான் எல்லாத்துக்கும் காரணம்."

"ஆமா, இனிமே அதுக்கும் நோட்டீஸ் அனுப்பு."

யாரும் சிரிக்கவில்லை. அத்தான் கழுத்தைச் சொறிந்துகொண்டார். அதைப் பார்த்த அக்காவின் வாயோரம் ஒரு கணம் நெளிந்து, மறுபடி இறுகியது.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். "பூச்சிக் கதையை நான் எதுக்குடி உன்கிட்ட சொன்னேன்? வாயை மூடிக்கிட்டு படத்தை வாங்கிட்டு வந்திருக்கலாம்ல."

"நீ சொல்லலைன்னா நாளைக்கு அங்க வேற யாராவது கேட்டிருப்பாங்க. யார் கல்யாணத்துலயாவது பூச்சி விழுந்திருக்கும்."

"கேட்டிருக்க மாட்டாங்க. மரத்துக்குள்ள பூச்சி இருக்குன்னு உனக்கு மட்டும்தான் தெரியும்."

அது உண்மைதான். அந்த நினைப்பு சனிக்கிழமை ராத்திரியிலிருந்தே அவளைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஊரில் இதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அவள் பேசாமல் இருந்தால் மூன்று வருஷங்களும் தொலைந்தது தொலைந்தபடியே இருக்கும், மரங்கள் காட்டிக்கொடுக்காது. மேல்சரிவில் பட்டுப்போன உச்சிகளைப் பார்த்தாள். கம்பெனி போனாலும் இந்த மோட்டார்கள் ஓடும். தெரு முழுக்க, வீட்டுக்கு ஒன்றாக. அப்போதும் மரங்கள் சாகும். அப்போது யார்மேல் அம்புக்குறி போடுவது?

அதை வாய்விட்டுச் சொன்னாளா, நினைத்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அக்கா அவள் கையிலிருந்த துணியைப் பிரித்துவிட்டாள். சட்டத்தில் பதிந்திருந்த டெப்போ மரத்தின் குச்சி மாலை வெயிலில் தேன் நிறமாக மின்னியது. அக்கா அதைக் கண்ணருகே கொண்டுபோய், நகத்தால் தடவிக்கொண்டே எண்ணினாள். உதடு அசைந்தது. வெளிறிய இடத்தில் நகம் நின்றது.

"இதானா?"

"இதான்."

"இத்தனூண்டு" என்றாள் அக்கா. அவள் குரலில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியவில்லை. "அன்னிக்கு என் மேல மட்டும் எத்தனை விழுந்துச்சு தெரியுமா. நீதான் ஒவ்வொண்ணா தட்டிவிட்ட. அழக்கூடாது, மை கலைஞ்சிடும்னு சொல்லிக்கிட்டே."

கீழே மோட்டார் மறுபடி காற்றைக் கக்கியது. யாரோ "அக்கா, அம்புக்குறிக்குக் கீழ வருஷம் எழுதட்டுமா, பெயின்ட் காயுது" என்று தெருவிலிருந்து கூப்பிட்டார்கள். அக்கா கைப்பிடிச் சுவர்வரை போய்க் கீழே பார்த்தாள். பதில் சொல்லாமல் திரும்பி வந்தாள். தங்கை கையை நீட்டியிருந்தாள், சட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள. அக்கா அதைக் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஒரு நாள்" என்றாள். "விசாரணை முடியட்டும். அதுக்கப்புறம் நானே உன்கூட வர்றேன், நம்ம தெருவுல ஒவ்வொரு வீடா ஏறி, மோட்டாரை நிறுத்தச் சொல்லி நானே கேக்கிறேன். அதுவரைக்கும் இது என்கிட்டயே இருக்கட்டும்டி."